வாணி விழாவில் மகள் பாதியில் நின்றுவிட்டாள். இப்போது வீட்டிலும் யார் முன்னாலும் பாட மறுக்கிறாள்

களுவாஞ்சிக்குடி அம்மா | ஒக்டோபர் 12, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. தரம் நான்கில் படிக்கிறாள். மூன்று வருடமாக வாய்ப்பாட்டுப் பழகுகிறாள். வட இலங்கை சங்கீத சபையின் முதலாம் தரப் பரீட்சையில் நல்ல புள்ளியுடன் சித்தியடைந்தவள். வீட்டில் சமையலறை வாசற்படியில் இருந்துகொண்டு தானாகவே பாடுவாள். நான் தேங்காய் துருவும் சத்தத்துக்குத் தாளம் போடுவாள்.

இம்முறை பாடசாலை வாணி விழாவில் தனிப்பாட்டுக்கு அவளைத் தெரிவு செய்தார்கள். சின்னக் கீர்த்தனை ஒன்று. பல்லவியை நன்றாகப் பாடினாள். அனுபல்லவிக்கு ஏறும்போது குரல் தடுமாறியது. ஒரு வரி பாடினாள், நிறுத்தினாள், ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சபையில் என்னைத் தேடினாள். அரை நிமிடம்கூட இருக்காது, எனக்கு அது முடியவேயில்லை. ஆசிரியை வந்து கையைப் பிடித்து இறக்கினார். சபை பரிவோடுதான் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குத்தான் அவள் உடைந்து அழுதாள்.

அன்றிலிருந்து அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பாடுகிறாள். அம்மம்மா வந்தால்கூட நிறுத்திவிடுகிறாள். அவளுடைய அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். "விருப்பமில்லையென்றால் விட்டுவிடு, அடுத்த வருடம் புலமைப்பரிசிலும் வருகிறது" என்கிறார். ஆனால் அடுத்த வருடம் இரண்டாம் தரச் செயன்முறைப் பரீட்சையும் இருக்கிறது. முன்பின் தெரியாத பரீட்சகர் முன்னால் இருந்து பாட வேண்டும். விட்டுவிடுவதா, வற்புறுத்துவதா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பிலுவில் தகப்பன் | ஒக்டோபர் 12, இரவு 10.15

தங்கச்சி, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது. என் மகனை ஏழு வயதிலிருந்து எல்லாப் போட்டிக்கும் அனுப்பினேன். தமிழ்மொழித் தினத்தில் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று போனவன். முதல் இரண்டு தடவையும் அழுதான். மூன்றாம் தடவை அழவில்லை. இப்போது விட்டால் பயம் உள்ளே வேர்விடும். அடுத்த மேடை எது என்று பார்த்து உடனே ஏற்றுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

சங்கீத ஆசிரியை, காரைதீவு | ஒக்டோபர் 13, காலை 5.50

அம்மா, அறிவுரை சொல்வதற்கு முன் நான்கு விடயங்கள் தெரிய வேண்டும். அன்று மேடையில் சுருதி எதிலிருந்து வந்தது? வீட்டில் எந்தக் கட்டையில் (சுருதி உயரத்தில்) பாடுகிறாள், மேடையில் எந்தக் கட்டையில் தொடங்கினாள்? அதற்கு முன் எப்போதாவது ஒலிவாங்கியில் பாடியிருக்கிறாளா? விழாவுக்குப் பிறகு யாராவது அவளிடம் இதைப் பற்றி என்ன பேசினார்கள்?

தம்பிலுவில் ஐயா கோபிக்க வேண்டாம். பிள்ளை எதற்குப் பயந்தது என்று தெரியாமல் மறுபடி மேடையேற்றினால், அதே பயத்தை மறுபடி பழக்குகிறோம்.

களுவாஞ்சிக்குடி அம்மா | ஒக்டோபர் 13, பிற்பகல் 1.20

நன்றி டீச்சர். நீங்கள் கேட்ட பிறகு அவளிடம் மெதுவாகப் பேசிப் பார்த்தேன்.

வீட்டில் ஐந்தரைக் கட்டையில் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாடுவாள். மேடையில் கைத்தொலைபேசியில் சுருதி போட்டு, கொஞ்சம் தள்ளி இருந்த மேசையில் வைத்திருந்தார்கள். மண்டபத்தில் மின்விசிறிகள் எல்லாம் சுழன்றன, பின்னால் அடுத்த நடனத்துக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்ன வார்த்தை இது: "அம்மா, ச எங்கே என்று எனக்குத் தெரியவில்லை." ஒலிவாங்கியில் அவள் பாடியதும் இல்லை. தன் குரல் முன்னால் இருந்து வேறு யாருடைய குரல் போலவோ திரும்பி வந்தது என்றாள்.

நான்காவது கேள்விக்குப் பதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் அதைக் காணொளி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் நின்ற இடம் வரைக்கும் பதிவாகிவிட்டது. அப்பா பார்க்கட்டும் என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு கிழமை கழித்துப் பெரியம்மா வீட்டில் அவருடைய பிள்ளைகளில் ஒருவன் கையைத் தொங்கவிட்டு, கண்ணை விரித்து அவளைப் போலவே நின்று காட்டியிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இது எனக்கு இன்றுதான் தெரியும்.

சங்கீத ஆசிரியை, காரைதீவு | ஒக்டோபர் 13, இரவு 8.05

முதலில் அந்தக் காணொளியைக் குழுவிலிருந்து அழியுங்கள். அழித்ததை அவளிடம் சொல்லுங்கள். "உன்னைக் கேட்காமல் போட்டது என் பிழை" என்று தாய் வாயால் அவள் கேட்க வேண்டும். இனி அவள் சம்மதமில்லாமல் எடுக்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள். அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

பிள்ளை பயந்ததால் சுருதியை விட்டாள் என்று நாம் நினைத்தோம். நடந்தது மறுபுறம். சுருதி காதில் விழாததால் நிலம் நழுவியது, அதனால் பயந்தாள். ஆதார சட்ஜம், அதாவது அவள் தேடிய அந்த "ச", கேட்காமல் பெரிய வித்துவானும் தடுமாறுவார். அவளுடைய காது சரியாக வேலை செய்திருக்கிறது. காது மந்தமான பிள்ளை சுருதி விலகியதே தெரியாமல் கடைசிவரை பாடிவிட்டு இறங்கியிருக்கும். இதை அவளுக்கு விளங்கும்படி சொல்லுங்கள். "நீ பிழையாகப் பாடுவதைப் பொறுக்க மாட்டாதவள், அதனால்தான் நின்றாய்" என்று.

இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். மேடையில் நின்றுபோகும் பிள்ளைகளில் கூட்டத்தைக் கண்டே நின்றவர்கள் நான் பார்த்தவரையில் கொஞ்சம்தான். ஒலிவாங்கியைக் கண்டு, கேட்காத சுருதியால், காலை இறுக்கிய புதுப் பட்டுப் பாவாடையால், வகுப்பில் உட்கார்ந்து பாடிவிட்டு மேடையில் மட்டும் எழுந்து நிற்கச் சொன்னதால் நின்றவர்கள்தான் நிறைய. உட்கார்ந்து பாடிய பிள்ளைக்கு நின்று பாடும்போது மூச்சு வேறு இடத்திலிருந்து வரும். தொடையில் தாளம் போட்ட கை அந்தரத்தில் தொங்கும். பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும். பிள்ளைக்கு உலகமே மாறிவிடும்.

அதனால் நான் செய்கிற சிலவற்றைச் சொல்கிறேன். மேடைக்குக் கொடுக்கும் உருப்படி, அதாவது பாட்டு, வகுப்பில் இப்போது பழகுவதாக இருக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு முன் முடித்து, நித்திரையில் எழுப்பினாலும் பாடக்கூடியதாக இருக்க வேண்டும். பெற்றோர் புதிதாகப் படித்ததைத்தான் காட்ட விரும்புவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அடுத்தது, மறந்தால் எங்கே போய்ச் சேர்வது என்பதையும் பழக்குவேன். அனுபல்லவி நடுவில் நான் வேண்டுமென்றே மேசையில் தட்டிக் குழப்புவேன். பிள்ளை நிற்காமல் பல்லவியின் முதல் சொல்லுக்குத் தாவிப் போக வேண்டும். இதை விளையாட்டாகவே செய்வோம். நாலு நாளில் பிள்ளைகளே ஒருவரையொருவர் குழப்பத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்குப் போகும் வழி தெரிந்த பிள்ளைக்கு இருட்டில் பயம் குறையும்.

பாடி இறங்கிய பிள்ளையிடம் வீட்டுக்குப் போகும் வழியில் பிழையைப் பற்றிப் பேசாதீர்கள். ஆட்டோவுக்குள்ளே நடக்கும் விசாரணையால் பாட்டை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிழையைப் பார்ப்பது அடுத்த வகுப்பில் ஆசிரியரின் வேலை.

ஏறாவூர்ச் சித்தி | ஒக்டோபர் 14, காலை 10.30

டீச்சர் சொன்னது எல்லாம் சரி. ஒரு கேள்வி. மேடைக்கு முன் போட ஒரு மாத்திரை இருக்கிறதாம், படபடப்பே வராதாம். வெளிநாட்டில் வாத்தியக்காரர்கள் பாவிப்பதாக ஒருவர் சொன்னார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

மட்டக்களப்பு மருத்துவர் | ஒக்டோபர் 14, இரவு 11.10

கொடுக்கவே வேண்டாம் அக்கா. நீங்கள் கேள்விப்பட்டது புரொப்ரனொலோல் என்று நினைக்கிறேன். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. வளர்ந்த வாத்தியக் கலைஞர்கள் சிலர் மருத்துவ ஆலோசனையுடன் பாவிப்பது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடும். விரதமிருந்தோ சரியாகச் சாப்பிடாமலோ மேடையேறும் பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி குறைந்தால், அதைக் காட்டும் படபடப்பையும் மறைத்துவிடும். பாட்டுக்காகப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

உடலில் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தம் தோலை விட்டுத் தசைகளுக்குப் போவதால் விரல் நுனி குளிர்கிறது. உமிழ்நீர் வற்றுகிறது. மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறிவிடுகிறது. வயலின் வாசிப்பவருக்கு விரலும், பாடுபவருக்கு வாயும் மூச்சும் முதலில் கைவிடுவது இதனால்தான். காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) தானாக ஓடுவதும் இதனால்தான். வெளிமூச்சை நீட்டுவது உடனடியாகச் செய்யக்கூடியது. நாலு எண்ணி உள்ளே, ஏழெட்டு எண்ணி வெளியே, ஐந்தாறு தடவை. மெல்லிய ஓங்காரம் அல்லது கீழ் ஸ்தாயிச் சட்ஜத்தில் ஒரு நீண்ட முணுமுணுப்பும் இதே வேலையைச் செய்யும். கையை வெந்நீரில் வைத்துத் துடைக்கலாம்.

டீச்சர் பழைய உருப்படியைத்தான் கொடுப்பேன் என்றது எனக்குப் பிடித்துக்கொண்டது. ரொபர்ட் ஸாயொன்ஸ் (Zajonc) என்ற உளவியலாளர் 1965இல் இதையே எழுதினார். பிறர் பார்க்கும்போது, நன்றாகப் பழகிய வேலை இன்னும் நன்றாக வரும். பழகாத வேலை இன்னும் கெடும். பார்வையாளர் ஒரே ஆட்கள்தான், வேறுபடுவது நாம் கொண்டுபோவது.

இன்னொன்று. "பயப்படாதே" என்று பிள்ளைக்குச் சொல்லிப் பலனில்லை. துடிக்கிற நெஞ்சை வைத்துக்கொண்டு பயமில்லை என்று அது எப்படி நம்பும்? ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள். ஆனாலும் என் மகளிடம் நான் செய்து பார்த்தேன். தேர் இழுக்கிற அன்று காலையிலும் நெஞ்சு இப்படித்தானே அடிக்கிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஆம் என்றாள்.

மருதமுனை வாப்பா | ஒக்டோபர் 15, பிற்பகல் 2.00

சகோதரிக்கு என் அனுபவம் ஒன்று. என் மகன் பாடசாலையில் கீதம் பாடுவான். ஒவ்வொரு தடவையும் நான் முன்வரிசையில் இருந்து, அவன் பாடப்பாட என் உதட்டையும் அசைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் சொன்னான்: "வாப்பா, நீங்கள் முன்னுக்கு இருக்க வேண்டாம். உங்கள் வாயைப் பார்த்தால் எனக்குச் சொல் மறந்துபோகிறது." அதற்குப் பிறகு கடைசி வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். உம்மா மட்டும் முன்னால் இருப்பார், தஸ்பீஹ் ஓதிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி. அது அவனுக்கு நிம்மதியாம். நாம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளையிடமே கேட்பது நல்லது.

படுவான்கரை மத்தளம் | ஒக்டோபர் 16, இரவு 10.45

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். வயல் வேலைக்கு நடுவில் எழுத நேரம் வரவில்லை. நான் சங்கீதம் படித்தவனல்ல. எங்கள் பரம்பரை கூத்துப் பரம்பரை. என் பாட்டனார் அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான். நான் மத்தளம். ஆகவே கூத்தை வைத்துத்தான் பேச முடியும்.

பிள்ளையை வகுப்பிலிருந்து நேரே மேடைக்குக் கொண்டுபோகிறோமே, நடுவில் ஒன்றுமே இல்லையே என்று எனக்கு வெகுநாளாக மனக்குறை. எங்கள் கூத்தில் அப்படிச் செய்வதில்லை. முதலில் சட்டங்கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் குரலையும் ஆளையும் பார்த்துத் தீர்மானித்து, அவரவர் பாட்டைக் கையில் கொடுப்பார். பிறகு இரவிரவாகப் பழக்கம். பார்க்க வருவது வாசலில் படுத்திருக்கும் கிழவர்களும் சிறுவர்களும்தான். பிறகு சதங்கை அணிதல். அன்று சொந்தக்காரர் வருவார்கள். பிறகு கிழமைக்கூத்து, கிழமைக்கு ஒருமுறை ஆடிப் பார்ப்பது. பிறகு அடுக்குப் பார்த்தல், முழுக் கூத்தையும் விடிய விடிய ஓட்டிப் பார்ப்பது. இவ்வளவுக்கும் பிறகுதான் உடுப்புக் கட்டி அரங்கேற்றம். அதோடும் முடிவதில்லை. அரங்கேறிய பின் வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். பேராசிரியர் மௌனகுரு இந்தப் படிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரங்கேற்றத்தன்று களரியை (கூத்தாடும் மேடையை) சுற்றி இருக்கும் ஊர், அந்தப் பாட்டை ஏற்கெனவே பத்துத் தடவை கேட்ட ஊர். ஆட்டக்காரன் புதிய சபையைச் சந்திப்பதில்லை. அதே சபை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து வருகிறது. திருக்குறளில் பாருங்கள், அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அறிந்த பிறகுதான் அஞ்சாமை. நாம் பிள்ளைக்கு அவையை அறியக் கொடுக்காமல் அஞ்சாதே என்கிறோம்.

அதைவிடப் பெரிது பிற்பாட்டு. கூத்தில் ஒருவன் தனியாகப் பாடுவதே இல்லை. அவன் ஒரு வரி பாடினால் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அந்த வரியை வாங்கிப் பாடுவார்கள். அவனுக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். அடுத்த வரி மறந்துபோனால் பிற்பாட்டுக்காரர் அதே வரியை இன்னொரு தரம் பாடி வைத்திருப்பார்கள், அவனுக்கு ஞாபகம் வரும் வரைக்கும். சபைக்குத் தெரியவே தெரியாது. நான் பதினொரு வயதில் முதல்முதல் களரியில் இறங்கி, இரண்டாம் விருத்தம் முடிந்ததும் பாட்டு முழுவதையும் மறந்தேன். பாட்டனார் மத்தளத்தில் ஆட்டத்துக்கான தாளக்கட்டு ஒன்றை எடுத்தார். நான் ஆடத் தொடங்கினேன். இரண்டு சுற்று ஆடி வந்தபோது அவரே அடுத்த சொல்லின் முதல் எழுத்தை மெதுவாக எடுத்துத் தந்தார். அன்றிரவு நான் மறந்ததை அவரும் நானும் தவிர யாரும் அறியவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதுமில்லை.

அந்தப் பிள்ளை அரை நிமிடம் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று வாசித்தபோது எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான். அவளுக்குப் பிற்பாட்டு யார்? ஆசிரியை வந்து கையைப் பிடித்து இறக்கியதற்குப் பதிலாக, கையைப் பிடித்துக்கொண்டு பல்லவியை அவளோடு சேர்ந்து பாடியிருந்தால்? அவரைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் பழகிவிட்டோம்.

தம்பிலுவில் தகப்பன் | ஒக்டோபர் 17, காலை 6.30

மத்தளக்காரத் தம்பி, கூத்துக்கு மாதக்கணக்கில் பழகுவார்கள். பாடசாலையில் போட்டிச் சுற்றறிக்கை வந்தால் மூன்று கிழமைதான். கிழமைக்கூத்துக்கும் அடுக்குப் பார்ப்பதற்கும் எங்கே நேரம்? போட்டியில் பிற்பாட்டுக்கு விதியும் இடம் தராது.

படுவான்கரை மத்தளம் | ஒக்டோபர் 17, இரவு 9.00

உண்மை ஐயா. போட்டிக்கு நேரமில்லை. அதனால்தான் போட்டி பிள்ளையின் முதல் மேடையாக இருக்கக்கூடாது என்கிறேன். போட்டிக்கு முன்னால் பத்து மேடை எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. வெள்ளிக்கிழமைப் பூசையில் பஞ்சபுராணம் ஓத ஆள் தேடுகிறார்கள். அங்கே எல்லோரும் பார்ப்பது மூலஸ்தானத்தை, பிள்ளையை அல்ல. யாரும் கைதட்டுவதுமில்லை. ஐந்து பாட்டில் ஒன்றை மட்டும் பிள்ளை ஓதலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் குளிர்த்தி பாடும்போது கூட்டத்தோடு சேரலாம். மார்கழியில் திருவெம்பாவை வருகிறது.

ஐயா, ஒன்று கேட்கலாமா? மாகாணம் வரை போன மகன் இப்போதும் பாடுகிறாரா?

தம்பிலுவில் தகப்பன் | ஒக்டோபர் 19, இரவு 11.50

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். பாடுவதில்லை தம்பி. பதினாலு வயதாகிறது. போன வருடம் வலயப் போட்டியில் மேல் பஞ்சமத்தில் குரல் உடைந்தது. நடுவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வரும் வழியில் பஸ்ஸுக்குள் சொன்னேன், ஒழுங்காகப் பழகவில்லை என்று. அதற்குப் பிறகு அவன் சுருதிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டான். டீச்சர் ஆட்டோ விசாரணை என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு நித்திரை வரவில்லை.

கல்லடி மாணவன் | ஒக்டோபர் 20, காலை 8.15

ஐயா, உங்கள் மகனைப் பற்றி எழுதத்தான் இதில் கணக்குத் திறந்தேன். நான் கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கிறேன். பதின்மூன்று வயதில் எனக்கும் இதுவே நடந்தது. அவர் பழகாததால் குரல் உடையவில்லை. அந்த வயதில் குரல்வளை பெருத்து, குரல் நாண்கள் நீளமும் தடிப்பும் ஆகின்றன. ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. ஐந்து கட்டையில் பாடியவன் ஒன்றரைக்கோ இரண்டுக்கோ வந்து நிற்பான். நடுவில் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ, எந்தக் கட்டை தன்னுடையது என்று அவனுக்கே தெரியாது. இன்று காலை ஏறிய சுரம் நாளை காலை ஏறாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பாட்டை இழந்துவிட்டேன் என்று நினைத்துக் கடற்கரையில் போய் இருந்து அழுதேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு மிருதங்க ஆசிரியர். "குரல் வரும்வரை கை பழகட்டும்" என்று சொல்லி மிருதங்கத்தின் முன் உட்கார வைத்தார். பக்கவாத்தியமாக மேடையில் இருந்தபோதுதான் மேடை எனக்குப் பழகியது. எல்லோரும் பாடகரைப் பார்க்கிறார்கள், நான் ஓரமாக இருந்து சபையைப் பார்க்கிறேன். சபையில் பாதிப் பேர் பாட்டுக்குத் தலையாட்டுகிறார்கள். கால்வாசிப் பேர் பிள்ளைகளை மடியில் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒருவரும் பிழை பிடிக்கக் கையில் கொப்பியுடன் இல்லை. பாடும்போது இது எனக்குத் தெரிந்ததே இல்லை.

மகன் ஒரு வருடம் நிறுத்தியதால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பியானோ மேதை விளாடிமிர் ஹொரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை பன்னிரண்டு வருடம் மேடைக் கச்சேரியே செய்யாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். சுருதியைத் தாழ்த்தி, மூன்று நான்கு சுரத்துக்குள் மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்கள் அவரிடம் பேச வேண்டும் ஐயா. பஸ்ஸில் சொன்னதைப் பற்றி.

மாமாங்கம் வயலின் | ஒக்டோபர் 21, இரவு 7.30

நாங்கள் பறங்கியர். எங்கள் வீடுகளில் வயலினுக்கு வகுப்புப் போனவர்கள் குறைவு, அப்பாவின் கையைப் பார்த்துப் பழகியவர்கள்தான். கல்யாண வீட்டில் கப்ரிஞ்ஞா என்ற எங்கள் ஆட்ட இசை தொடங்கினால் பெரியவர்களுக்குப் பின்னால் ஒரு கதிரையில் சிறுவனையும் வயலினோடு இருத்திவிடுவார்கள். தெரிந்த இடத்தில் வாசிப்பான், தெரியாத இடத்தில் வில்லைச் சும்மா வைத்திருப்பான். எல்லோரும் ஆடுகிறார்கள், ஒருவரும் அவனைப் பார்ப்பதில்லை. பிழைத்த சுரம் ஆடுகிறவர்களின் காலடியில் போய்விடும். நான் ஆறு வயதில் அப்படி இருந்தேன். மேடைப் பயம் என்ற சொல்லை வளர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் சபைக்கு முன் பிள்ளையை விட முதல், வேறு வேலையில் இருக்கும் சபைக்கு முன் விடுங்கள் என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

களுவாஞ்சிக்குடி அம்மா | நவம்பர் 23, இரவு 8.50

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். மழை தொடங்கி ஒழுங்கையெல்லாம் வெள்ளம், பாடசாலையும் இடையில் மூடியது.

காணொளியை அழித்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் இருந்தாள். அடுத்த நாள் காலை தலை பின்னும்போது, "அப்பாவின் போனிலும் இல்லையா?" என்று கேட்டாள். அவரும் அழித்துவிட்டு அவளோடு பேசினார். அக்கா வீட்டிலும் பேசினேன். அந்தப் பையன் வந்து விளையாடிவிட்டுப் போனான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

மின்சாரம் போன ஓர் இரவில் அம்மம்மா பழைய தாலாட்டு ஒன்றை எடுத்தார். பல்லு விழுந்த வாய், சுருதியெல்லாம் எங்கெங்கோ போனது. நான் பிற்பாட்டுப் போல வரியை வாங்கிப் பாடினேன். எனக்குப் பாட வராது. மூன்றாம் வரியில் இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது, அம்மம்மாவின் சுருதியைத் திருத்திக்கொண்டு. விளக்கு வரும்வரை பாடினாள். விளக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டக்கூட இல்லை. செய்தது சரியா டீச்சர்?

சங்கீத ஆசிரியை, காரைதீவு | நவம்பர் 24, காலை 5.45

மிகச் சரி. அந்த நேரம் பாராட்டியிருந்தால், தன்னை யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகளார் பல ஆண்டு யாழைப் பற்றி ஆராய்ந்து எழுதிய பிறகே 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்துவிட்டார். அரங்கேற்றம் என்ற சொல்லுக்கு அந்தக் கனம் உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு பாட்டையும் நாம் அரங்கேற்றமாக்கிவிடுகிறோம். திருவெம்பாவைக்குக் கூட்டிப் போங்கள். பாடச் சொல்லாதீர்கள். கையில் ஏதாவது வேலை மட்டும் கொடுங்கள்.

களுவாஞ்சிக்குடி அம்மா | ஜனவரி 6, இரவு 9.15

திருவெம்பாவை பத்து நாளும் போனோம். விடியற்காலை, நல்ல இருட்டு, பனி. முதல் நாள் சேமக்கலத்தைக் கொடுத்தார்கள். அடித்துக்கொண்டு மட்டும் நடந்தாள். நாலாம் நாள் கூட்டத்தோடு வாய் அசைந்தது. ஏழாம் நாள் முன்னால் பாடிய அக்காவுக்கு இருமல் வந்து வரி அறுந்தபோது, இவள் எடுத்துப் பாடிவிட்டாள். ஒரு வரிதான். பிறகு சட்டென்று என் சேலைக்குப் பின்னால் வந்துவிட்டாள். ஆனால் சேமக்கலம் நிற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பூசையில் திருப்புராணம் மட்டும் ஓதினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன், அவள் சொன்ன இடத்தில்.

மேடை என்றால் இன்னும் "வேண்டாம்" என்றுதான் சொல்கிறாள். நேற்று மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். பரீட்சைக்குப் போகும்போது தன் சுருதிப் பெட்டியைத் தானே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று.

தம்பிலுவில் தகப்பன் | ஜனவரி 6, இரவு 10.05

மகளுக்கு என் வாழ்த்துகள் தங்கச்சி. இங்கே பாட்டு இன்னும் இல்லை. ஆனால் பெட்டி அலுமாரிக்கு மேலிருந்து இறங்கிவிட்டது. நேற்று இரவு அவன் அறையிலிருந்து ஒன்றரைக் கட்டையில் சுருதி மட்டும் கேட்டது. கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன்.

சங்கீத ஆசிரியை, காரைதீவு | ஜனவரி 7, காலை 5.40

பரீட்சைக்குச் சுருதிப் பெட்டி கொண்டுபோகலாம் என்று அவளிடம் சொல்லுங்கள் அம்மா. தை பிறந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் எட்டுப் பிள்ளைகள் பாய் விரித்து இருந்து பாடுவார்கள். ஒருவர் பாட மற்ற ஏழு பேரும் பல்லவியை வாங்கிப் பாடுவது என்று இந்த முறை வைத்திருக்கிறேன், மத்தளக்காரத் தம்பி எழுதியதை வாசித்த பிறகு. பெற்றோருக்குத் தேத்தண்ணீர் பின்வளவில். அவளுக்கு விருப்பமென்றால் கூட்டி வாருங்கள். பாடாமல் தாளம் மட்டும் போட்டாலும் இடமுண்டு. ஐந்தரைக் கட்டைக்கு நான் பெட்டியை வைத்திருக்கிறேன், ஆனாலும் அவள் தன்னுடையதைக் கொண்டுவரட்டும்.